மங்கசேயா ஏன் காலியானது? ஜார் போட்ட தடையா, சரக்கு தீர்ந்ததா?

வளவுவீட்டுப்பிள்ளை, கண்டனூர்:
சைபீரியாவில் தாஸ் ஆற்றங்கரையில் மங்கசேயா என்று ஒரு ஊர் இருந்திருக்கிறது, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி. 1600-01 வாக்கில் மரக்கோட்டை கட்டி, சேபிள் என்ற சின்ன விலங்கின் தோலை வாங்கி விற்றே கொழித்த ஊர். 1672-இல் கைவிட்டுவிட்டார்கள். 1619-இல் ஜார் கடல்வழியை மூடியதுதான் காரணம் என்கிறார்கள். பர்மாவில் 1948-இல் நிலத்தை அரசே எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்ததும் அங்கே தொழில் செய்த நம் செட்டியார்கள் கணக்கு முடிந்ததே, அதே கதைதானா?

தேவகோட்டை ரஸ்தா:
தடை உண்மைதான் தம்பி. வெண்கடல் பக்கத்து வியாபாரிகள் கோச் என்கிற மரக்கலத்தில் வருவார்கள், பனிக்கட்டி நெருக்கினால் உடையாமல் மேலே எழும்பிக்கொள்ளும்படி அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும். யமால் தீபகற்பத்தைச் சுற்றாமல், நடுவில் ஆறு, ஏரி வழியாகப் போய், தண்ணீர் இல்லாத இடத்தில் படகைத் தரையில் இழுத்து, ஓப் வளைகுடாவில் இறங்கி, அங்கிருந்து தாஸ் ஆற்றில் ஏறுவார்கள். இந்த வழியில் ஜாருக்குச் சேரவேண்டிய பத்தில் ஒரு பங்குத் தோலை வசூலிக்க ஆள் இல்லை. போதாததற்கு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் மீறினால் மரணதண்டனை என்று மூடினார்கள். ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள், அதற்குப் பிறகும் 53 வருஷம் ஊர் இருந்திருக்கிறது. தெற்கே சைபீரிய நகரமான தொபோல்ஸ்கிலிருந்து ஆற்றுவழி திறந்துதானே இருந்தது!

பெட்டியடி:
எனக்குப் பிடித்தது 1630-31 சண்டைதான். கோகரெவ், பலித்ஸின் என்று இரண்டு ஆளுநர்களை ஒரே ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரே கடைக்கு இரண்டு மேலாள் போட்டால் என்ன ஆகும்? கோட்டையைப் பிடித்துக்கொண்ட கோகரெவ், வியாபாரிகள் குடியிருந்த பகுதி மேல் பீரங்கியால் சுட்டான். ஜார் அரசாங்கத்தின் நிர்வாக லட்சணம் அவ்வளவுதான்.

வளவுவீட்டுப்பிள்ளை, கண்டனூர்:
அது சரிண்ணே, பீரங்கிக்கும் அசையாத ஊர் பிறகு ஏன் காலியானது?

தேவகோட்டை ரஸ்தா:
சேபிள் தீர்ந்துபோச்சு தம்பி. ஒரு காட்டை வேட்டையாடி முடித்தால் அடுத்த காடு, அப்படியே கிழக்கே யெனிசே ஆறு, அப்புறம் லேனா ஆறு. லேனாக் கரையில் யாகூத்ஸ்க் கோட்டை எழும்பியது 1632-இல், அதாவது மங்கசேயா இருக்கும்போதே. கொண்டுவிக்கப் போகிறவன் சரக்கு இருக்கும் இடத்துக்குத்தானே போவான். அந்தக் குளிரில் நெல்லும் விளையாது கோதுமையும் விளையாது, தானியம் தெற்கேயிருந்து படகில்தான் வரவேண்டும், ஓப் வளைகுடாப் புயலில் படகு போனால் ஊரே பட்டினி. தோல் வரும்வரை அந்தச் செலவு கட்டுபடியானது. பர்மாவில் நெல் தீரவில்லை, நிலத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதனால் அது வேறு கணக்கு.

பெட்டியடி:
இன்னொன்று. 1968 முதல் 1973 வரை அங்கே அகழாய்வு நடந்தது. மண் வருஷம் முழுக்க உறைந்தே கிடப்பதால் மர வீடுகளின் அடிக்கட்டைகள் மக்காமல் கிடைத்தன, சதுரங்கக் காய்கள்கூட. நம் கீழடியில் செங்கல் நின்றது, மரம் எங்கே நிற்கும், கறையானுக்கே போதாது.

வளவுவீட்டுப்பிள்ளை, கண்டனூர்:
ஊரை விட்டவர்கள் எங்கே போனார்கள்? துருகான்ஸ்க் என்று ஒரு பெயர் வருகிறதே.

தேவகோட்டை ரஸ்தா:
ஆமாம், துருகான் ஆற்றங்கரைக்கு மாறினார்கள், அதைப் புது மங்கசேயா என்றும் சொன்னார்கள். ஆனால் இப்போது வரைபடத்தில் துருகான்ஸ்க் என்று தேடினால் வருவது அந்த இடம் இல்லை, யெனிசேயில் கீழ்த் துங்குஸ்கா சேரும் இடத்தில் இருக்கும் வேறொரு ஊர். பெயர் மட்டும் அங்கே போயிருக்கிறது, குழம்பிவிடாதீர்கள்.