தட்டில் வளரும் செல்களுக்கு ரத்தக்குழாய் போடச் சொல்வது யார்?

கோரையாற்றங்கரை (கேள்வி):
வணக்கம். எனக்கு நீடாமங்கலம் பக்கம். அப்பா வாத்து மேய்க்கிறார். சம்பா அறுத்த வயல்களில் பட்டி போட்டு ஊர் ஊராகப் போவார். வீட்டில் கொஞ்சம் முட்டைகளை அடைக்கோழிக்கு வைப்போம். ஐந்தாறு நாள் கழித்து ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை. உள்ளே சிவப்பு நூல் ஓடினால் உயிர் பிடித்துவிட்டது, திரும்ப வைத்துவிடலாம். ஒன்றும் தெரியாவிட்டால் கூமுட்டை.

இப்போது எம்.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு படிக்கிறேன். எலியின் கரு ஸ்டெம் செல்களை (உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஆரம்பச் செல்கள்) ஆய்வகத் தட்டில் வளர்த்தால் அவை தாமாகவே ரத்தக்குழாய் பின்னிக்கொள்ளும் என்று வகுப்பில் சொன்னார்கள். முட்டைக்குள் இதயம் துடித்து ரத்தத்தைத் தள்ளுவதால்தான் அந்த நூல்கள் உண்டாகின்றன என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தட்டில் தள்ள யாருமில்லையே? கேட்டதற்கு 'வி.இ.ஜி.எஃப்.' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அது மனசில் நிற்கவில்லை. யாராவது விளக்க முடியுமா?

குடமுருட்டி:
தங்கச்சி, நான் திருவையாறு. பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் நாலு வருஷம் இந்த வேலையைத்தான் செய்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எலியின் கரு ஸ்டெம் செல்களை 1981-இல் முதன்முதலாகப் பிரித்து வளர்த்தார்கள். லிஃப் என்ற ஒரு புரதம் இருக்கும்வரை அவை வேறெதுவாகவும் மாறாமல் பெருகிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, சில நூறு செல்கள் உள்ள சொட்டுகளைத் தட்டு மூடியின் உட்பக்கம் வரிசையாக வைத்துக் கவிழ்த்துவிடுவோம். சொட்டின் அடியில் செல்கள் கூடி உருண்டையாகும். இரண்டு நாளில் ஒவ்வொரு சொட்டிலும் வெறும் கண்ணுக்கே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். மூன்று, நான்கு நாளில் சில செல்களின் மேல் ஃப்ளக்-1 என்ற ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம், முளைக்கிறது. வி.இ.ஜி.எஃப். என்பது ரத்தக்குழாயை வளரச் சொல்லும் ஒரு புரதம்; அது பிடித்துக்கொள்வது இந்த ஏற்பியைத்தான். வி.இ.ஜி.எஃப்.பை அனுப்புவது வேறு யாருமில்லை, அதே உருண்டையின் பக்கத்துச் செல்கள்தான். உருண்டை பெரிதாகப் பெரிதாக நடுவில் ஆக்சிஜன் குறைகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரத்துக்கு மேல் அது ஊறிப் போய்ச் சேராது. மூச்சு முட்டுகிற செல்கள் வி.இ.ஜி.எஃப்.பை இன்னும் அதிகமாக விடும். அதன் அளவு எவ்வளவு முக்கியம் என்றால், எலியிடம் அதற்காக உள்ள மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று போனாலே கரு வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. 1996-இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின.

ஆக, முதல் குழாய்களுக்குத் தள்ளுவிசையே தேவையில்லை. அங்கங்கே தனித்தனியாகச் செல்கள் திரண்டு, உள்ளே குடைந்து கூடாகி, ஒன்றோடொன்று போய்ச் சேர்கின்றன. ஐப்பசி மழையில் வயலில் தனித்தனியாக நின்ற குட்டைகள் வரப்பு உடைந்து ஒன்றாவது போல. இதன் பெயர் வாஸ்குலோஜெனசிஸ். ஏற்கெனவே இருக்கும் குழாயிலிருந்து கிளை பிரிவது ஆஞ்சியோஜெனசிஸ். உங்கள் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றனவே, அப்படி. முட்டையிலும் இதே கதைதான். மஞ்சள் கருவின் மேல் குழாய் வலை முதலில் வருகிறது, ரத்தம் ஓடுவது அதற்கு அப்புறம்.

கடைமடைக்காரன்:
நான் திருத்துறைப்பூண்டி, விவசாயம். அறிவியல் அதிகம் தெரியாது. ஆனால் ஒரு சந்தேகம். தண்ணீர் வராத வாய்க்கால் எங்கள் ஊரில் இரண்டே வருஷத்தில் தூர்ந்து, காட்டாமணக்கு மண்டிவிடும். ரத்தம் ஓடாத குழாய் தட்டில் நிற்குமா?

குடமுருட்டி:
ஐயா, சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். ரிச்சர்ட் தோமா என்ற ஜெர்மானியர் கோழிக் கருவை உட்கார்ந்து பார்த்து 1893-இல் இதையே எழுதினார்: ஓட்டம் வேகமாக உள்ள குழாய் அகலமாகிறது, ஓட்டம் குறைந்தது சுருங்கி மறைகிறது. தட்டில் வருவது அந்த முதல் வலை மட்டும்தான். எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன். பேராறும் இல்லை, கன்னி வாய்க்காலும் இல்லை.

என்னால் மறக்க முடியாத ஒன்று உண்டு. எட்டு, பத்து நாளில் அதே உருண்டைக்குள் ஒரு மூலை துடிக்க ஆரம்பிக்கும். இதயத் தசை! முதல் தடவை பார்த்த ராத்திரி நான் வீட்டுக்கே போகவில்லை. பக்கத்திலேயே குழாய் வலையும் இருக்கிறது. ஆனால் துடிப்பு வலையோடு சேரவில்லை, அதனால் எதுவும் ஓடவில்லை. அந்த வலையைச் சாயமேற்றிப் படமெடுக்கும்போதெல்லாம் மேட்டூர் திறக்காத ஜூன் மாதம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

அரசலாறு:
ஒன்று சேர்க்கிறேன். 2019-இல் வியன்னா ஆய்வாளர்கள் மனித ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த குழாய் உருண்டையை எலியின் உடலில் வைத்தார்கள். எலியின் ரத்தம் அதற்குள் ஓடியது. அதன் பிறகுதான் தமனி, சிரை என்று பிரிந்து முதிர்ந்தது. தட்டிலேயே சர்க்கரையையும் அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் ஏற்றியபோது, நீரிழிவு நோயாளிகளுக்கு நேர்வது போலக் குழாயைச் சுற்றியுள்ள சவ்வு தடித்தது. என் அம்மாவுக்குச் சர்க்கரையால் ஒரு கால்விரல் போனது. அதனால் அந்தக் கட்டுரையை மூன்று முறை படித்தேன். அம்மாவின் காலுக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்று ஒரு இடத்தில் லட்சக்கணக்கில் கேட்டார்கள். மருத்துவச் சோதனையாகப் பதிவு செய்த எண் எங்கே என்று கேட்டேன், பதில் இல்லை, எழுந்து வந்துவிட்டோம். தட்டில் பின்னுகிற வலைக்கும் அம்மாவின் காலுக்கும் நடுவே இன்னும் நிறைய வேலை பாக்கியிருக்கிறது.

கோரையாற்றங்கரை:
அக்கா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நூல் வந்த அப்புறந்தான் ரத்தம் வருதா?" என்று இரண்டு தடவை கேட்டார். நாளைக்குப் புது அடை வைக்கிறோம். ஒரே முட்டையைத் தினமும் பார்த்து, எந்த நூல் தடிக்கிறது, எது காணாமல் போகிறது என்று வரையப் போகிறேன்.

குடமுருட்டி:
டார்ச்சை மழுங்கிய முனையில் வை. ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், முட்டை ஆறிவிடும். படம் வரைந்ததும் இங்கே போடு.