மேம்படுத்திய மறுநாள் உள்ளே விடாத சர்வர்: உங்கள் அனுபவம்?

நானே தொடங்கிவைக்கிறேன். ஒரு கணக்கர் அலுவலகத்தின் சர்வரை சனிக்கிழமை இரவு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்பிலிருந்து 22.04-க்கு ஏற்றினேன். என் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைந்து பார்த்தேன், வழக்கம்போல் திறந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அழைப்பு. அவர்களுடைய பழைய ஜாவா நிரலால் கோப்புகளை அனுப்ப முடியவில்லை. "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் பதில். இந்த வரியைப் போல மனிதனைச் சுற்றவிடும் வரி வேறில்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பின் அனுமதியை 600 ஆக்கினேன், அடைவை 700 ஆக்கினேன் (உரிமையாளர் மட்டுமே தொடலாம் என்று பொருள்), சாவியை மறுபடி ஒட்டினேன். இரண்டு மணி நேரம் போனது. அதன் பிறகுதான் சர்வரின் லாக் கோப்பை (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேட்டை) திறக்க வேண்டும் என்று தோன்றியது. அதில் விஷயம் வெட்டவெளிச்சமாகக் கிடந்தது: எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ என்ற பழைய வகை ஏற்கப்படும் பட்டியலில் இல்லை.

சாவியில் குற்றமில்லை. சாவி தன்னிடம் இருப்பதை நிரூபிக்க நிரல் அதைக் கொண்டு போடும் மின்னணுக் கையெழுத்தில்தான் கோளாறு. பழைய நிரல் எஸ்எச்ஏ-1 என்ற வலுவிழந்த பழைய முறையில் கையெழுத்திட்டது. 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் (எஸ்எஸ்எச் சேவையை நடத்தும் மென்பொருள்) 8.8 அதை இயல்பாக ஏற்பதை நிறுத்திவிட்டது. உபுண்டு 20.04-இல் இருப்பது ஓபன்எஸ்எஸ்எச் 8.2, 22.04-இல் 8.9; நான் ஒரே இரவில் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறேன். என் மடிக்கணினியிலும் ஆர்எஸ்ஏ சாவிதான். ஆனால் அது எஸ்எச்ஏ-2 என்ற புதிய முறையில் கையெழுத்திட்டதால் கதவு திறந்தது. அந்த ஒரு பயனருக்கு மட்டும் பழைய வகையை அனுமதித்து ஒரு வரி சேர்த்து அன்றைய பொழுதை ஓட்டினேன். அடுத்த வாரம் நிரல் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் நூலகத்தை (துணை நிரல் தொகுப்பை) மாற்றிவிட்டு அந்த வரியை அழித்தேன்.

*

உங்களுக்காவது சாவி. எனக்குக் கடவுச்சொல்லே சரியாக இருந்தும் கதவு திறக்கவில்லை.

மூன்று முறை தட்டச்சு செய்தேன். பெரிய எழுத்து விசை விழுந்திருக்கிறதோ என்று விசைப்பலகையையே முறைத்துப் பார்த்தேன். கடைசியில் வாடகை சர்வர்காரர்களின் இணையக் கன்சோல் வழியாக ரூட்டாக (முழு அதிகாரமுள்ள கணக்காக) நுழைந்து, கடவுச்சொல்லையும் புதிதாக மாற்றினேன். அப்போதும் அதே மறுப்பு. லாக்கில் காரணம் வேறு: இந்தப் பயனரின் ஷெல் (உள்ளே நுழைந்ததும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) இல்லை, ஆகவே அனுமதியில்லை. முந்தைய நாள் மேம்படுத்தல் முடிந்ததும் "தேவையற்றவை" என்று காட்டிய மென்பொருள் பொதிகளை மொத்தமாக நீக்கியிருந்தேன். நான் லாகின் ஷெல்லாக வைத்திருந்த இசட்எஸ்எச்சும் அந்தக் கூட்டத்தில் போய்விட்டது! ஷெல் கோப்பு இல்லையென்றால் எஸ்எஸ்எச் அந்தப் பயனரையே செல்லாதவராகக் கருதும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தவறான கடவுச்சொல் போலவே தெரியும். ஷெல்லை பாஷ் என்ற வழக்கமான ஷெல்லாக மாற்றினேன், அரை நிமிட வேலை.

*

ஷெல் கோப்பு இருந்து, அதற்கு வேண்டிய நூலகம் இல்லாமல் போனால் கூத்து வேறு மாதிரி. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ரூட்டின் ஷெல்லை ஆசைப்பட்டு பாஷ் என்று மாற்றி வைத்திருந்தேன். மேம்படுத்தலுக்குப் பின் லாகின் வெற்றி, அடுத்த நொடி இணைப்பு துண்டிப்பு. "பாஷ் வேண்டாம், வேறு ஷெல்லை ஓட்டு" என்று கட்டளையோடு இணைந்து பார்த்தேன். பயனில்லை. அந்தக் கட்டளையையும் எஸ்எஸ்எச் அதே உடைந்த ஷெல்லின் கையில்தான் கொடுக்கிறது. ஃபிரீபிஎஸ்டியில் "டூர்" என்று ரூட்டுக்கு, தனக்கென வேறு ஷெல் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு இரட்டைப் பிறவி கணக்கு இருக்கிறதே, அது இதற்குத்தான் என்று பெரியவர்கள் சொன்னபோது சிரித்தவன் நான்.

*

சுருக்கமாக என்னுடையது. 2024 ஜூலை முதல் தேதி, பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியான அன்று, ஆர்ச் லினக்ஸில் அவசரமாக ஓபன்எஸ்எஸ்எச் 9.8-ஐ ஏற்றினேன். உடனே சேவையை மறுதொடக்கம் செய்யச் சொல்லி ஆர்ச் அன்றே செய்தி வெளியிட்டிருந்தது. நான் படிக்கவில்லை, வேலை முடிந்தது என்று இணைப்பை மூடினேன். அந்தப் பதிப்பில் சேவை இரண்டு நிரல்களாகப் பிரிந்துவிட்டது. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்த பழையதால் புதிய இணைப்பு எதையும் ஏற்க முடியவில்லை. இணைப்பை மூடாமல் இருந்திருந்தால் ஒரே கட்டளையில் முடிந்திருக்கும். சர்வரையே அணைத்துப் போட வேண்டியதாயிற்று.

*

லாகின் எல்லாம் சரி, எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பை நகலெடுக்கும் கட்டளை) மட்டும் படுத்தது. ஓபன்எஸ்எஸ்எச் 9.0 முதல் அது உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி என்ற வேறொரு கோப்புப் பரிமாற்ற முறையில் பேசுகிறது. என் பழைய ரூட்டரில் அதற்கான சர்வரே இல்லை. கட்டளையில் -O (பெரிய ஆங்கில ஓ) விருப்பத்தைச் சேர்த்ததும் பழைய முறைக்குத் திரும்பி ஓடியது.

*

தொடங்கியவன் மறுபடியும். உபுண்டுவில் எஸ்எஸ்எச் வழியாகவே மேம்படுத்தினால், இணைப்பு அறுந்தாலும் உள்ளே வர 1022-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசலில்) இன்னொரு எஸ்எஸ்எச் சேவையைத் திறந்துவைப்பதாக ஆரம்பத்திலேயே ஒரு அறிவிப்பு வரும். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை நாமேதான் திறக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதைப் படிக்காமலே எத்தனை முறை என்டர் தட்டியிருக்கிறேன் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.