உறைமண் உருகினால், போன காபனைப் புல்லே திரும்ப எடுத்துவிடாதா?

வெள்ளவத்தை_ரீச்சர்:
வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். திபெத் மேட்டுநிலத்து நிரந்தர உறைமண்ணை (ஆண்டுக்கணக்காக உறைந்தே கிடக்கும் மண்ணை)ப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும். மண் உருகினால், காலங்காலமாக உக்காமல் கிடந்த வேரையும் இலையையும் நுண்ணங்கிகள் உக்க வைக்கும், காபனீரொட்சைட்டு வெளியேறும், சரி. ஆனால் அதே உக்கலில் நைதரசனும் பொசுபரசும் விடுபடுகின்றனவே, அது அங்குள்ள புல்லுக்குப் பசளைதானே? புல் செழித்து வளர்ந்தால் கணக்குச் சமப்படாதா?

மண்ணும்_மழையும்:
ரீச்சர், பிள்ளை கேட்டது அருமையான கேள்வி. புல் ஓரளவு கூடுதலாக வளரும் என்பது உண்மைதான், ஆனால் ஆழமும் காலமும் ஒத்துவராது. அந்த அல்பைன் (உயர்மலை) புல்வெளிகளில் வேரின் பெரும்பகுதி மேல் 30 சென்ரிமீற்றருக்குள் இருக்கிறது. கோடையில் உருகும் படையோ பல இடங்களில் 2 மீற்றர் ஆழத்தையும் தாண்டும். அது மிக ஆழமாக உருகுவது செப்ரெம்பர், ஒக்ரோபரில், அந்த நேரம் மேலே புல் காயத் தொடங்கிவிடும். அதனால் அடியில் அமோனியமாக விடுபடும் நைதரசன் நுண்ணங்கிகளுக்கோ நிலத்தடி நீருக்கோதான் போகிறது. இன்னொன்றையும் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். புல் கூட வளர்ந்தால் வேரிலிருந்து கசியும் சீனிச் சத்தும் கூடும், அந்தச் சக்தியை வைத்து நுண்ணங்கிகள் பழைய காபனையும் சேர்த்து உடைக்கத் தொடங்கும். அதாவது வளர்ச்சியே இழப்பையும் தூண்டலாம்.

கொட்டாஞ்சேனை_கம்பஸ்:
அண்ணை சொன்னதோடு ஒன்று. பாடப்புத்தகப் படங்களில் வருவது பெரும்பாலும் சைபீரியா, அலாஸ்கா மாதிரி நீர் தேங்கிய ஆர்க்டிக் நிலம், அங்கே ஒட்சிசன் இல்லாததால் மெதேன் கூட வரும். திபெத் சராசரியாக 4,000 மீற்றருக்கு மேல், பல இடங்கள் வறண்டவை, மண்ணுக்குள் காற்று புகும், ஆகவே வெளியேறுவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டுத்தான், மேல்மண் பற்றீரியாக்கள் மெதேனை உட்கொள்ளவும் செய்யும். ஆனால் நிலத்தடிப் பனிக்கட்டி உருகி நிலம் உள்வாங்கிக் குளமாகிற இடத்தில் கதை மாறிவிடும். சரிவென்றால் புல்தரை அப்படியே பிய்த்துக்கொண்டு இறங்கிவிடும், அங்கே பசளை இருந்தும் அதை எடுக்கப் புல் இல்லை.

வெள்ளவத்தை_ரீச்சர்:
இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியென்றால் புல் எடுக்காத நைதரசன் கடைசியில் எங்கே போகிறது? மண்ணிலேயே தங்கிவிடுமா?

மண்ணும்_மழையும்:
கொஞ்சம் தங்கும். மிச்சத்தில் ஒரு பகுதி நைத்திரேற்றாகி ஆற்றுக்கும் குளத்துக்கும் கழுவப்படும், இன்னொரு பகுதி நைதரசு ஒட்சைட்டு வாயுவாகக் காற்றில் கலக்கும். 100 ஆண்டுக் கணக்கில் அதன் வெப்பமூட்டும் வலு காபனீரொட்சைட்டைப்போல ஏறத்தாழ 273 மடங்கு, அதனால் அளவு சிறிதென்று விட்டுவிட முடியாது. புல் பிய்ந்து வெறுமையாகக் கிடக்கும் மண்ணில்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அங்கே நைத்திரேற்றுக்குப் போட்டியிட வேரே இல்லை. பொசுபரசு வேறு மாதிரி. அது இரும்போடும் கல்சியத்தோடும் பிணைந்து நிற்பதால், மண் உருகிவிட்டது என்பதற்காக உடனே புல்லுக்குக் கிடைத்துவிடாது. நைதரசன் தாராளமாக இருந்தாலும் பொசுபரசு போதாமல் வளர்ச்சி நின்றுவிடக்கூடும். காபனை மட்டும் தனியாகப் படிப்பித்தால் இந்த முடிச்சு பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது ரீச்சர், காபன், நைதரசன், பொசுபரசு வட்டங்கள் மூன்றையும் ஒரே படத்தில் வரைந்து காட்டுங்கள்.