வழி எங்கே அறுந்து போகிறது? சேலத்தில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சொல்லுங்கள்

கோரிமேட்டு மகள்

அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி. தினமும் கொஞ்ச தூரமாவது நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நாங்கள் இருப்பது கோரிமேடு, சித்தி வீடு அஸ்தம்பட்டிப் பக்கம். "அங்கேயே நடந்து போய்ட்டு வரலாம், பேச்சுத்துணையும் ஆச்சு" என்று அம்மாவே சொன்னதால் ஒரு நாள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

இத்தனை வருடம் நான் பிளாட்பாரத்தைக் கவனித்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நூறு அடி நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு டிரான்ஸ்பார்மர் வந்தது, இறங்கினோம். ஏறினோம். ஒரு வீட்டுக்காரர் காரை ஏற்ற சிமெண்ட் சரிவு போட்டிருந்தார், மறுபடி இறங்கினோம். அதைத் தாண்டினால் சாக்கடை மேல் ஒரு ஸ்லாப்பைக் காணோம். ஒவ்வொரு தடவையும் அம்மா என் தோளைப் பிடித்து, வலி குறைவான காலை முதலில் வைத்து, கொஞ்சம் நின்று, மற்ற காலை இழுத்துக்கொள்வார். ஆறாவது தடவை, "நான் ரோட்டிலேயே வர்றேன், பின்னால வண்டி வருதான்னு நீ பாத்துக்க" என்றார். மீதி வழி முழுக்க ரோட்டோரம்தான்.

மறுநாள் தையல் டேப்பைக் கொண்டுபோய் அளந்தேன். ஓரிடத்தில் ஏறும் உயரம் 28 சென்டிமீட்டர்.

நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை, சேர்வராயன் என்று சுற்றிலும் மலை, நடுவில் பெரிய ஏற்ற இறக்கமில்லாத தரை. நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் இப்படி ஓர் ஊர் அமைவது அபூர்வம். நடப்பவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்களும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களில் நாடு முழுக்க நூற்றுக்கு 22 பேருக்கு மேல் நடந்தும் 13 பேர் சைக்கிளிலும் போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

உங்கள் வழி எந்த இடத்தில் அறுந்து போகிறது? ஆள் பேர், ஆபீஸ் பேர் வேண்டாம். இடமும் அங்கே உங்களுக்கு நடந்ததும் போதும்.

கொலுசுப் பட்டறை

சீலநாயக்கன்பட்டிப் பக்கத்துல இருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு இருபத்தாறு வருசமா சைக்கிள்தாங்க. கொலுசு பத்த வைக்கிற வேலை, அதாவது சூடு பண்ணி ஒட்டுறது.

மெயின் ரோட்டுல முடிஞ்ச வரைக்கும் போறதில்ல. எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னு ஒரு வழி இருக்கு. கோயில் பின்பக்கம், ரேஷன் கடைச் சந்து, அப்புறம் பெரிய ரோட்டைக் குறுக்க வெட்டிட்டு நேர் எதிர்ச் சந்து. காலையில எட்டரைக்கு அங்க வந்து நின்னு பாத்தீங்கன்னா எங்க சைக்கிள் வரிசையா போகும். அந்தக் குறுக்க வெட்டுற இடத்துல இப்ப சென்டர் மீடியன், ரோட்டு நடுவுல தடுப்பு. திரும்புற இடம் தேடிப் போய்ட்டு வந்தா ஒண்ணரை கிலோமீட்டர் சுத்து.

அதனால தூக்கறோம். முன் சக்கரத்தை மீடியன் மேல ஏத்தி, சீட்டுக்குக் கீழ கைய குடுத்துப் பின் சக்கரத்தைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கணும். கேரியர்ல ரசம் இருந்தா சிந்திடும்னு ரசம் கொண்டுபோறதையே விட்டுட்டேன். இப்ப வயசு 52. இன்னும் எத்தனை வருசம் தூக்குவேன்னு தெரியல.

தூக்க முடியாதவங்க ஓரமா எதிர்த்திசையில வருவாங்க. எங்க பட்டறைத் தம்பி ஒருத்தன் அப்படி வந்து ஆட்டோவுல மோதி மணிக்கட்டு உடைஞ்சு மூணு மாசம் உக்காந்துட்டான். எங்களுக்குக் கூலி எடைக் கணக்கு, வேலை செய்யலைன்னா ஒண்ணும் கிடையாது. ராங் சைடுல ஏன் வந்தேன்னு எல்லாரும் அவனத்தான் கேட்டாங்க. அந்தச் சந்துக்கு எதிர்ல ஏன் அடைச்சீங்கன்னு ஒருத்தரும் யாரையும் கேக்கல.

தட்டுவடை செட்

அக்கா, ஒரு விஷயம். பிளாட்பாரம்னு பேச்சு எடுத்தாலே முதல்ல எங்க வண்டியைத்தான் எடுக்கச் சொல்வாங்க. எங்கப்பா பதினெட்டு வருஷமா தட்டுவடை செட் போடறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்தத் தெருவுல பொண்ணுங்க தைரியமா நடக்கறாங்கன்னா எங்க வண்டி லைட்டும் பக்கத்துப் பூக்கடையும்தான் காரணம். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்து எங்களுக்கு ஒரு இடம் குறிச்சுக் கொடுத்துட்டா, நடக்கிற வழியை நாங்க ஏன் அடைக்கப் போறோம்?

ரிட்டயர்டு பொறியாளர்

தம்பி சொல்வது சரி. சாலைப் பணியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பாதசாரிகளுக்கான விதிமுறை ஏற்கெனவே இருக்கிறது: சாலைகளுக்கான தரநிலைகளை வெளியிடும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 103. பிளாட்பாரத்தை மூன்று பட்டையாகப் பார்க்கச் சொல்கிறது. கடை வாசலை ஒட்டிய பட்டை ஒன்று. நடுவில் நடக்க மட்டுமான பட்டை, குறைந்தது 1.8 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலி எதிரெதிரே போகலாம். ரோட்டை ஒட்டிய மூன்றாவது பட்டையில்தான் மரம், கம்பம், டிரான்ஸ்பார்மர் எல்லாம். தம்பியின் வண்டிக்கும் அங்கேயே இடம் கொடுக்கலாம். ஏறும் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டு வாசலில் நடைபாதை இறங்கக் கூடாது, கார்தான் ஏறி இறங்க வேண்டும். அம்மா ஏறிய 28 சென்டிமீட்டர் எந்த விதியிலும் இல்லை.

வழி ஏன் அறுகிறது என்பதற்கு வருகிறேன். கோரிமேட்டிலிருந்து ஒருவர் நடந்தாலும், சீலநாயக்கன்பட்டியிலிருந்து ஒருவர் மிதித்தாலும், அவர் போவது ஒரே வழிதான். காகிதத்தில் அது மாநகராட்சித் தெரு, மாநில நெடுஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை, ஊராட்சிச் சாலை என்று நாலைந்து பேருக்குச் சொந்தம். மலைக்குப் போனால் வனமும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு வரைபடமும் அவரவர் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். நானும் அப்படி எத்தனையோ வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதிர்ச் சந்தில் யார் வருகிறார்கள் என்று போய்ப் பார்த்ததில்லை. அது தவறு.

இதைச் சேர்த்துப் பார்க்கத்தான் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் என்று மூன்று அடுக்கு வைத்தார்கள். வரைவு வெளியாகும்போது பொதுமக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்பார்கள். அப்போது "நல்ல நடைபாதை வேண்டும்" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். "இந்தச் சந்துக்கும் அந்தச் சந்துக்கும் நேரே இரண்டு மீட்டர் திறப்பு, அந்த இடத்தில் ரோட்டையே பிளாட்பார உயரத்துக்கு மேடாக்க வேண்டும்" என்று எழுதுங்கள். மேடு இல்லாமல் திறப்பு மட்டும் வைத்தால் ஆபத்து. மேடு இருந்தால் வண்டி தானாக வேகம் குறையும்.

இன்னொன்று. தடையில்லாத, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் வந்தது அது. மனுவில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

ஏற்காட்டு டீச்சர்

எங்கள் பக்கத்தில் வழியை அறுத்தது இரும்புத் தடுப்பு.

மஞ்சக்குட்டைப் பக்கம் மலைக் கிராமத்தில் இருக்கிறேன். எங்கள் சனம் நடக்கும் வழி தார் ரோடு இல்லை, ஒத்தையடிப் பாதை. பாட்டி காலத்துக்கும் முந்தியது. ரோடு வளைந்து வளைந்து போகும், எங்கள் பாதை அதை நெட்டுக்குத்தாக வெட்டிக்கொண்டு இறங்கும். வண்டி பள்ளத்தில் உருளாமல் இருக்க ரோட்டோரம் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். அது வேண்டும்தான், வைக்கும் முன் எத்தனை விபத்து பார்த்திருக்கிறோம். ஆனால் பாதை ரோட்டில் வந்து ஏறும் வாயிலும் இடைவெளி விடாமல் அடித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் முதலில் புத்தகப் பையைத் தடுப்புக்கு அடியில் தள்ளிவிட்டு அப்புறம் தவழ்ந்து வருகிறார்கள். மழைக் காலத்தில் பள்ளிக்கூடம் வரும்போது முட்டியெல்லாம் சேறு. காபிப் பழம் எடுக்கும் மாதங்களில் பெண்கள் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி, தடுப்பு மேல் வைத்து, ஒருத்தி பிடித்துக்கொள்ள, மற்றவள் சேலையைத் தூக்கிச் செருகித் தாண்ட வேண்டும். தாண்டி இறங்கினால் வளைவு. சனி ஞாயிறு, அதுவும் மே மாதக் கோடை விழா சமயத்தில், கார் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

சுற்றிப் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அந்தி நேரத்தில் காட்டுமாடு நிற்கும் இடம் எங்களுக்குத் தெரியும். பழகிய பாதையை மாற்றினால் அது தெரியாது.

ரிட்டயர்டு பொறியாளர்

டீச்சரம்மா, தடுப்பை அங்கே இரண்டு துண்டாக்கி, ஒன்றின் முனை மற்றொன்றுக்குப் பின்னால் போகும்படி விலக்கி வைக்கலாம். ஆள் நுழையலாம், வண்டி விழாது. எத்தனை இடம், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கம் என்று குறித்துக் கொடுங்கள்.

ஞாயிறு மிதி

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு மாதம் ஒரு தடவை ஏறுகிறோம். 20 கொண்டை ஊசி வளைவு. விடியும் முன் கிளம்பினால் ரோடு நமக்கே. மேலே போன பிறகு பார்த்தால் எதிரே பால் கேனைக் கட்டிக்கொண்டு பழைய சைக்கிளில் ஒருவர் இறங்குவார். ஹெல்மெட் இல்லை, விளக்கு இல்லை. சைக்கிள் பாதை என்று எழுதிக் கொடுக்கும்போது எங்களுக்காக மட்டும் எழுதிவிடாதீர்கள், முதலில் அவருக்கு. டீச்சர் சொன்ன தடுப்பை நாங்கள் நூறு தடவை கடந்திருப்போம், பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு ஏறும்போது ஒவ்வொரு பாதை வாயையும் படம் எடுத்து அனுப்புகிறோம்.

நாலு வழிச்சாலை ஓரம்

வணக்கம். ஓமலூர் போற வழியில எங்க ஊரு. பைபாசுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஸ்கூல். பொண்ணுக்கு பிளஸ் ஒன்னுல கவர்மெண்ட் சைக்கிள் கொடுத்தாங்க. வாங்கிட்டு வந்த அன்னைக்கு பொட்டு வெச்சு எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டினா. ரெண்டு வாரம் போனா. மழை பெஞ்சு அடிப்பாலத்துல தண்ணி நின்னுச்சு, முட்டி வரைக்கும். அதுல எறங்க முடியாம மேல ரோட்டைக் கடக்கப் போய் லாரிக்காரர் பிரேக் அடிச்ச சத்தம் வீடு வரைக்கும் கேட்டுச்சு. ஒண்ணும் ஆகல. அன்னையோட அவங்க அப்பா சைக்கிளைப் பூட்டிட்டார். இப்ப ஷேர் ஆட்டோ. எங்களுக்கு வேண்டியது பெரிய பாலம் இல்லைங்க. அந்த அடிப்பாலத்துல தண்ணி போக ஒரு வழி, ராத்திரிக்கு ஒரு லைட்டு. சைக்கிள் நல்லாத்தான் இருக்கு, காத்து மட்டும் அடிக்கணும்.

கோரிமேட்டு மகள்

இதைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் ஒரே மனுவாக்குகிறேன். மீடியன் திறப்பு, அடிப்பாலத் தண்ணீர், மலைப்பாதை வாய்கள், தட்டுவடை வண்டிக்கு இடம், பிளாட்பார உயரம். நாலு ஆபீசுக்கு நாலு மனுவாகப் பிரிக்கப் போவதில்லை. ஒரே வரைபடத்தில் எல்லாம் இருக்கும், அதே தாள் எல்லோருக்கும் போகும். கொலுசுப் பட்டறை அண்ணா, உங்கள் சந்து வழியை வீட்டிலிருந்து பட்டறை வரை கையால் வரைந்து அனுப்புங்கள், அளவு சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பொறியாளர் ஐயா, சிக்னலில் கடக்கும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவார்கள்?

ரிட்டயர்டு பொறியாளர்

விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுப்பது வழக்கம்.

கொலுசுப் பட்டறை

ஞாயித்துக்கிழமை லீவுங்க. வரைஞ்சு அனுப்பறேன். அந்த மீடியன் உயரத்தையும் அளந்துடறேன்.

கோரிமேட்டு மகள்

இன்று காலை அம்மாவோடு போய் நேரம் பார்த்தேன். நாங்கள் கடக்கும் இடத்தில் ரோட்டின் அகலம் 14 மீட்டர். ஐயா சொன்ன கணக்குப்படி 12 விநாடி. அம்மாவுக்கு 23 விநாடி ஆனது, நடுவில் ஒரு தடவை நின்றார். மனுவில் 23 என்றே எழுதுகிறேன்.