'செட்' 430, 'ரன்' 645: எந்தக் கணக்கு செல்லும்?

பழஞ்சுவடி:
நேற்று 'கடல்காற்று' எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் 'செட்' என்று இன்னும் சொல்லித்தரும் ஆசிரியர்கள் காலாவதியானவர்களாம். 'ரன்' என்பதே சரியான விடையாம். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தே வயதானவன் நான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் 'செட்' என்ற வினைக்கு 430 பொருள்கள். அந்த ஒரு பதிவு மட்டும் 60,000 சொற்கள். கின்னஸ் புத்தகம் ஏற்றுக்கொண்ட எண் இது. சூரியன் மறைவது செட், சிமெண்ட் இறுகுவது செட், முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவது செட், மோதிரத்தில் கல் பதிப்பது செட், எலிக்குப் பொறி வைப்பது செட், நாங்கள் அச்சுக் கோத்ததும் செட். இதைத் தள்ளிவிட்டு ஓடுகிற சொல்லைத் தூக்கிப் பிடிக்க வந்துவிட்டார்கள்.

கடல்காற்று:
ஐயா, 1989க்குப் பிறகும் அகராதி வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் கும்பிடும் அதே ஆக்ஸ்போர்டுக் குழு 2000 முதல் திருத்திய பதிவுகளை இணையத்தில் வெளியிட்டு வருகிறது. அந்த ஆண்டே 'மேக்' உங்கள் 'செட்'டை முந்தியது. 2007இல் 'புட்' வந்தது. 2011இல் 'ரன்' எல்லாவற்றையும் தாண்டியது. 645 பொருள்கள், அதுவும் வினைக்கு மட்டும். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதங்கள் மல்லுக்கட்டினார். 645 பெரிதா, 430 பெரிதா?

பழஞ்சுவடி:
'மேக்' முந்தியது, 'புட்' முந்தியது என்பதெல்லாம் பதிவின் நீளத்தில். நாம் பேசுவது பொருள்களின் எண்ணிக்கையை. இரண்டையும் கலந்து அடிக்கிறீர்கள். இன்னொன்றும் கேளுங்கள். 2011இல் 'ரன்' திருத்தப்பட்டபோது 'செட்' திருத்தப்படவில்லை, பழைய பதிவாகவே இருந்தது. அண்ணனின் பத்து வயது உயரத்தையும் தம்பியின் இருபது வயது உயரத்தையும் அளந்துவிட்டுத் தம்பிதான் நெட்டை என்கிறீர்கள். ஒரே பதிப்பில் இரண்டையும் வைத்து எண்ணிக் காட்டுங்கள். 1989இல் இரண்டும் ஒன்றாகத்தான் நின்றன. அங்கே வென்றது 'செட்'. 430.

அளவுகோல்:
இருவரும் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். 'ஒரு பொருள்' என்று எதைச் சொல்கிறோம்? ஆறு ஓடுவது, குழாயில் நீர் ஓடுவது, சளியில் மூக்கு ஒழுகுவது மூன்றுக்கும் 'ரன்' வருகிறது. இது ஒரு பொருளா, மூன்றா? 'செட் அப்', 'ரன் அவுட்' போன்ற கூட்டுவினைகளைச் சேர்த்து எண்ணுகிறோமா, விலக்கியா? இதை முடிவு செய்யாமல் 430, 645 என்று கத்துவதில் பயன் இல்லை.

கடல்காற்று:
கத்துவது நான் அல்ல. 'ரன்' ஏன் வளர்ந்தது என்று பழஞ்சுவடி ஐயா யோசித்தாரா? இயந்திரம் வந்த பிறகு பிறந்த பொருள்கள் எத்தனை! இயந்திரம் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படம் திரையரங்கில் ஓடுகிறது, கணினியில் நிரல் ஓடுகிறது. கடை நடத்துவது ரன், தேர்தலில் நிற்பது ரன், பத்திரிகை ஒரு செய்தியை வெளியிடுவது ரன், துவைக்கும்போது சாயம் போவதும் ரன். ஒவ்வொரு புது இயந்திரமும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. 'செட்' அப்படியே உட்கார்ந்திருக்கிறது, சிலரைப் போல.

பழஞ்சுவடி:
'சிலரைப் போல' யாரைச் சொல்கிறீர்கள்? பெயரைச் சொல்லிப் பேசுங்கள். உட்கார்ந்திருக்கிறதாம்! 1928இல் நிறைவடைந்த முதல் பதிப்பை எடுத்துப் பாருங்கள். 'செட்' வினைக்கு 154 பெரும் பிரிவுகள். கடைசிப் பிரிவான 'செட் அப்' ஒன்றுக்கு மட்டும் உட்பிரிவுகளைக் குறிக்க ஆங்கில எழுத்து முழுவதும் போதவில்லை. இஸட் வரை போய், மறுபடி இரட்டை எழுத்தாகத் தொடங்கி, 'ஆர் ஆர்' வரை ஓடியிருக்கிறது. ஹென்றி பிராட்லி காலத்துப் பதிப்பாசிரியர்கள் கையால் சீட்டு எழுதி அடுக்கிச் செய்த வேலை. திரையைத் தட்டி எண்ணுகிறவர்களுக்கு அந்த உழைப்பு புரியாது.

திண்ணை:
கிரிக்கெட் ரன்னைச் சேர்த்தால் 646 ஆகிவிடும், கவனித்தீர்களா?

முதுகலை மாணவி:
ஆகாது. கிரிக்கெட் ரன் பெயர்ச்சொல், அதற்குத் தனிப் பதிவு உண்டு. 645 வினைக்கு மட்டும் என்று கடல்காற்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பதில் எழுதலாமே.

சொல்லேருழவர்:
அடிமைப் புத்தி போகவில்லை பாருங்கள்! ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதை ஆங்கிலேயன் 1989இலா கண்டுபிடித்தான்? 'கடி' என்ற ஒரே உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள்களைத் தொல்காப்பியர் அடுக்கியிருக்கிறார். வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. கடிமலர் என்றால் புதுமை, கடிகா என்றால் காவல், கடிநுனைப் பகழி என்றால் கூர்மை. ஒரு சொல் பல்பொருளுக்கென்றே சூடாமணி நிகண்டில் ஒரு தொகுதி இருக்கிறது. உங்கள் வயலில் ஓடும் பம்ப்செட்டைத் தவிர 'செட்' நமக்கு என்ன தந்தது?

முதுகலை மாணவி:
பம்ப்செட்டில் இருப்பது வேறு 'செட்'. தொகுப்பு என்ற பொருளில் வரும் அந்தப் பெயர்ச்சொல் லத்தீன் 'செக்டா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வைத்தல் என்ற பொருளில் வரும் வினை பழைய ஆங்கிலத்துக்கே உரியது. பார்க்க ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே சொல்லாக்கக் கூடாது.

சொல்லேருழவர்:
அம்மா, வேரைப் பற்றி எனக்கே பாடமா? சென்ற மாதம் இரட்டைக்கிளவி விவாதத்திலும் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள். அப்போதும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

முதுகலை மாணவி:
பதில் எழுதினேன். நீங்கள் படிக்கவில்லை.

கடல்காற்று:
தொல்காப்பியத்தின் பத்தை 645க்குப் பக்கத்தில் வைத்துப் பெருமைப்பட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சொல்லேருழவர்:
பத்து என்பது ஒரு நூற்பாவுக்குள் வந்த பத்து! ஒரு மொழியின் பெருமையை எண்ணிக்கையால் அளக்கும் வணிகப் புத்தியோடு எனக்குப் பேச்சில்லை. ஒரு நூற்பாவையாவது ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

பழஞ்சுவடி:
தமிழ்ப் பெருமைக்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா. இங்கே கேள்வி ஒன்றுதான். கடல்காற்று இன்னும் அதற்குப் பதில் சொல்லவில்லை. திருத்தாத 'செட்'டோடு திருத்திய 'ரன்'னை ஒப்பிடலாமா, கூடாதா?

கடல்காற்று:
ஒப்பிடலாம். அகராதி எந்த நாளில் என்ன சொல்கிறதோ அதுதான் அந்த நாளின் கணக்கு. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் 'டேக்' என்ற வினைக்கு 134 பொருள்கள் கொடுத்தார். அன்றைக்குப் பொது அறிவுப் புத்தகம் இருந்திருந்தால் 'டேக்' என்று அச்சடித்திருப்பார்கள். நீங்களும் அதற்கு மெய்ப்புப் பார்த்துவிட்டு, 1989இல் 'செட்' வந்தபோது எதிர்த்து நின்றிருப்பீர்கள்.

பழஞ்சுவடி:
ஜான்சன் சில எழுத்தர்களை வைத்துக்கொண்டு தனியாளாகச் செய்தது ஜான்சன் அகராதி. அதையும் ஆக்ஸ்போர்டையும் ஒரே வரியில் எழுதுகிறவரோடு எப்படிப் பேசுவது? என் மெய்ப்புத் தொழிலை இழுத்தது இது இரண்டாவது முறை. ஒரு காற்புள்ளி தவறினாலும் பக்கத்தையே நிறுத்தி வைத்த தலைமுறை எங்களுடையது. உங்கள் நேற்றைய பதிவில் 'அகராதி' என்பதையே 'அகாராதி' என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திருத்திவிட்டு 645க்கு வாருங்கள்.

கடல்காற்று:
எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டால் 215 குறைந்துவிடுமா? 645இல் 430 போக மீதி அதுதான். அதை எங்கே ஒளிப்பீர்கள்?

அளவுகோல்:
கூட்டுவினைகளைச் சேர்த்தா, விலக்கியா என்று கேட்டிருந்தேன்.

திண்ணை:
எங்கள் ஊர்ப் போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் 'செட்'டுக்கு 194 என்று எழுதச் சொன்னார்கள். பெயராக 58, வினையாக 126, பெயரடையாக 10. அப்படியானால் 430 எங்கிருந்து வந்தது?

பழஞ்சுவடி:
194 பழைய வினாடி வினாப் புத்தகங்களின் கணக்கு. அதை நான் எங்கும் சொல்லவில்லை. நான் சொன்னது 430. ஆண்டு 1989, பதிப்பு இரண்டு, தொகுதிகள் இருபது. இதை எத்தனை முறை எழுத வேண்டும்?

கடல்காற்று:
ஆக, பழைய புத்தகம் சொன்ன 194 செல்லாது, அதற்குப் பின் வந்த 430 செல்லும், அதற்கும் பின் வந்த 645 மட்டும் செல்லாது. உங்களுக்குப் பிடித்த ஆண்டோடு காலம் நின்றுவிட வேண்டும். அப்படித்தானே?

பழஞ்சுவடி:
194ஐயும் 430ஐயும் சொன்னது ஒரே புத்தகம் அல்ல. ஒப்பீடு என்றால் இரண்டு சொற்களும் ஒரே நூலில், ஒரே நாளில், ஒரே முறையில் எண்ணப்பட்டிருக்க வேண்டும். அச்சில் வந்த முழுப் பதிப்பில் 'செட்' முதலிடம். அச்சில் முழுமையாக வந்த மூன்றாம் பதிப்பைக் காட்டுங்கள், 'ரன்'னைப் பற்றிப் பேசலாம். அதுவரை என் பேரப்பிள்ளைகளுக்கு 'செட்' என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.

கடல்காற்று:
தேர்வில் அவர்கள் இழக்கப்போகும் மதிப்பெண்ணுக்கு நீங்கள்தான் பொறுப்பு. 645.

சொல்லேருழவர்:
முதுகலை மாணவி அந்த இரட்டைக்கிளவிப் பதிலை எந்தப் பக்கத்தில் எழுதினார் என்று காட்டட்டும். தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.