எங்கட வீடு குரூப்: அப்பாட நெஞ்சுக்குள்ள குடை

லண்டன் அண்ணா: போன கிழமை நான் சொன்னன்தானே, அப்பாட ஒழுங்கில்லாத இதயத் துடிப்பால ரத்தம் கட்டி பக்கவாதம் வராம இரிக்க வாட்ச்மேன் எண்டு ஒரு சாமான், நெஞ்சுக்குள்ள குடை மாதிரி வெச்சி விடுறது. அமெரிக்காவுல மருந்து சாமானுக்கு அனுமதி குடுக்கிற எஃப்டிஏ 2015லயே அனுமதி குடுத்திட்டு. அத வெச்சா ரத்தம் இளக்கிற வார்ஃபரின் குளிசைய வாழ்நாள் பூரா குடிக்கத் தேவல்ல, மாசாமாசம் போய் சோதிக்க ரத்தம் குடுக்கிற கரச்சலும் இல்ல. காசப் பத்தி யோசிக்க வேணாம் கொழும்புல விசாரிங்க

கல்லடி மாமி: யாருக்கு மனே வாட்ச்மேன். வீட்டுக்கா

லண்டன் அண்ணா: மாமி அது சாமான்ட பேரு 😄

அக்கரைப்பற்று தம்பி: அப்பாக்கு மூக்கால ரத்தம் வந்தது நிண்டிட்டா

சின்னக்கா: அது அண்டைக்கே நிண்டிட்டு. பொறுங்க அண்ணா, நேத்து கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போன, வந்து சமைச்சி பிள்ளைகள கிளாசுக்கு ஏத்தி இப்பதான் போன கையில எடுத்த. ஐஎன்ஆர், அதான் ரத்தம் எவ்வளவு இளகியிரிக்கி எண்டு பாக்கிற கணக்கு, 4.6. அதுக்கு முந்தின மாசம் 1.7. ரெண்டுக்கும் மூணுக்கும் இடையில நிக்கணும். டொக்டர் கொப்பியப் பிரட்டிப் பாத்திட்டு ஐயா வீட்டுல என்ன செய்றீங்க எண்டு கேட்டார், அப்பா ஒண்டும் செய்யல்ல சேர் எண்டார். நான் தீப்பெட்டிய எடுத்து மேசையில கொட்டின

தம்பி: என்ன தீப்பெட்டி??

சின்னக்கா: படுவான்கரைக்கு வயலுக்குப் போனா வர இருட்டிருமெண்டு குளிசைய தீப்பெட்டிக்குள்ள போட்டு சேட் பொக்கெட்டுல வெச்சிக்குப் போறவர். நீலமும் மண்கலரும் ஒண்டாக் கிடக்கு, சிலது வேர்வையில நனைஞ்சி பாதி கரைஞ்சி, அதுக்குள்ள வேற வெள்ளக் குளிசை நாலு. அது என்ன எண்டா டைக்ளோஃபெனாக். முழங்கால் வலிக்கு கடையில கேட்டு வாங்கி ரெண்டு கிழமையா காலையும் ராவும் போட்டிரிக்கார், எனக்கும் சொல்லல்ல அம்மாக்கும் சொல்லல்ல. வார்ஃபரினோட அதப் போட்டா வயித்துக்குள்ள ரத்தம் போகுமாம், மூக்கால வந்ததால நாம கண்டம்

லண்டன் அண்ணா: கடவுளே

சின்னக்கா: இன்னும் இரிக்கி. ஒரு நாள் மறந்தா அடுத்த நாள் ரெண்டு நாள் குளிசையையும் சேத்துப் போடுவாராம், கணக்குச் சரியா வரணுமெண்டு. நெல்லு மூட்டைக் கணக்கு மாதிரி!

அம்மா: நான் அவருக்கு முருங்கை இலை பொன்னாங்காணி வல்லாரை ஒண்டும் குடுக்கிறல்லயே. இலைக்கறி கூடாதெண்டு சொன்னதில இருந்து சமைக்கிறதயே விட்டிட்டன்

மாமி: அதுதான் மச்சாள் பிழை. நிப்பாட்டவும் கூடா, ஒரு நாள் சட்டி நிறையத் திங்கவும் கூடா. நான் 20 வருசமா இந்தக் குளிசை குடிக்கிறன், கிழமைக்கு மூணு நாள் இலைச் சுண்டல் எண்டா மூணு நாளும் அதே அகப்பையால அளந்துதான். அதுக்கேத்த மாதிரி டொக்டர்மார் குளிசைட மில்லிகிராம் அளவ வெப்பாங்க. திடீரெண்டு இலைய விட்டா ரத்தம் இன்னும் இளகிரும்

அம்மா: இத எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே கா

லண்டன் அண்ணா: சரி அந்த வாட்ச்மேன் கத கேட்டியா இல்லயா

சின்னக்கா: கேட்டன் அண்ணா. ஒரு கடதாசியில கீறியே காட்டினார். இதயத்துட இடப்பக்கம் மேல் அறையில வால் மாதிரி ஒரு சின்னப் பை. துடிப்பு ஒழுங்கில்லாம நடுங்கக்குள்ள அதுக்குள்ளதான் ரத்தம் தேங்கி உறையிற. வால்வுல நோய் இல்லாதாக்களுக்கு பத்துக் கட்டியில ஒன்பது அங்கதான். அங்க இருந்து கழண்டு மூளைக்குப் போனா பக்கவாதம். தொடைக்கிட்ட ரத்த நரம்பால குழாய் விட்டு அந்தப் பைட வாயத்தான் இவங்க அடைக்கிறாங்க. சாமான் நல்லதாம், அதுல பிழை சொல்லல்ல. ஆனா வெச்ச உடன குளிசைய எறியேலா, மேலால தசை மூடுறவரைக்கும் ஒண்டரை மாசம் போல ரத்தம் இளக்கிறதோ இல்லாட்டி வேற ரெண்டு குளிசையோ குடிக்கத்தான் வேணும், மறுகா தொண்டையால குழாய் விட்டு ஸ்கேன். வெக்கக்குள்ள சிலருக்கு இதயத்தச் சுத்தி ரத்தம் கட்டுறதும் இரிக்கி. படபடப்பும் இதால மாறாது, அது அப்பிடியே இரிக்கும்

லண்டன் அண்ணா: ஓ. அது தெரியாது எனக்கு. வெச்சா எல்லாம் சரியாகுமெண்டுதான் நினைச்ச

தம்பி: அப்ப ஆருக்குத்தான் வெக்கிற

சின்னக்கா: மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சாக்கள், வயித்தால திரும்பத் திரும்ப ரத்தம் போறாக்கள், இந்தக் குளிசை காலம் பூரா ஏலவே ஏலாதெண்டு இரிக்கிறாக்களுக்குத்தானாம். உங்கட அப்பாக்கு ரத்தம் வந்த காரணம் தீப்பெட்டிக்குள்ள கிடக்கு, முதல் அத நிப்பாட்டுங்க எண்டார்

மாமி: எனக்கு வெக்கேலுமா புள்ள?

சின்னக்கா: மாமி உங்களுக்கு வால்வு சுருக்கமெல்லா. அப்பிடியாக்களுக்கு பைக்கு வெளியிலயும் கட்டி படும், அதால சரிவராது. புதுக் குளிசையும் இல்ல, வார்ஃபரின்தான்

மாமி: 😒 என்ட அகப்பை காணும் எனக்கி

லண்டன் அண்ணா: புதுக் குளிசை எண்டா அபிக்சபான்தானே? அத அப்பாக்கு மாத்தேலாதா, அதுக்கு ஐஎன்ஆர் பாக்கத் தேவல்ல

சின்னக்கா: மாத்தலாம். கிட்னி எப்பிடி வேல செய்யுதெண்டு காட்டுற கிரியேட்டினின் ரத்தத்துல பாத்திட்டு அடுத்த முறை யோசிப்பம் எண்டார். ஆனா அது காலையும் ராவும் ரெண்டு தரம், ஒரு நாள் விட்டாலே பலன் போயிரும். தீப்பெட்டிக்காரர நம்பி அதக் குடுக்க எனக்கிப் பயம். நாளைக்கி ஞாயிறு திங்கள் எண்டு தட்டு வெச்ச குளிசைப் பெட்டி ஒண்டு வாங்குறன், மாலை 6 மணிக்கு தம்பி நீ போன் எடு, எடுத்துக் குடிச்சாரா எண்டு அம்மாட்டக் கேக்காம அவரிட்டயே கேளு. மறந்தது விடிஞ்சி தெரிய வந்தா விட்டதுதான், ரெட்டிப்பு இல்ல

தம்பி: ஓம்

அப்பா: முழங்காலுக்கு என்ன செய்ற

சின்னக்கா: அப்பா முழிப்பா!! வலிச்சா பனடோல், அதும் நாள் கணக்கா இல்ல. வேற எது வாங்கினாலும் எனக்கு படம் எடுத்து அனுப்பிட்டுத்தான் வாயில போடணும்

அப்பா: செவ்வாக்கிழமை ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட தானே போகணும்

சின்னக்கா: ஐஎன்ஆருக்கு வெறும் வயிறு தேவல்ல அப்பா. ஆர் சொன்ன

அப்பா: ஒருத்தரும் சொல்லல்ல. ரெண்டு வருசமா தேத்தண்ணியும் குடிக்காமத்தான் போறன்

அம்மா: பாவி மனிசன்

அப்பா: அப்ப செவ்வாக்கிழமை பிட்டு அவி