கண்ணில் பூ விழாமல் தடுக்கும் சொட்டு மருந்து வந்துவிட்டதா?

வயல்காட்டான்: நேற்று சோழமண்டலம் இங்கே எழுதியது: "பர்மிங்காமில் சொட்டு மருந்து கண்டுபிடித்தாயிற்று, கண்ணில் அடிபட்டால் இனி பூ விழாது." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 2018-இல் வெளியான அந்த ஆய்வு எலிக்கண்ணில் செய்தது. எலி! என் சித்தப்பாவுக்குக் கதிரறுப்பில் நெல் தோகை குத்தி, கருவிழி மேல் பால் சிந்தினாற்போல வெள்ளை படர்ந்துவிட்டது. அவரிடம் போய் இதைச் சொல்வீர்களா?

சோழமண்டலம்: எலியில் தொடங்காத மருந்து எது ஐயா? அந்தச் சொட்டில் இருக்கும் டெக்கோரின் நம் உடம்பிலேயே உள்ள புரதம். பூவாக விழும் தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப் பீட்டா என்ற இன்னொரு புரதத்தை அடக்கும். சாதாரண சொட்டு இரண்டு முறை இமைத்தால் வழிந்துவிடும், இது ஜெல்லாகக் கண்ணிலேயே தங்கும். இதையெல்லாம் படித்தீர்களா?

வயல்காட்டான்: படித்தேன். எலி என்று போட்டிருந்தது.

கயல்: 'தடுப்பது' என்று எதைச் சொல்கிறீர்கள், கிருமிப் புண்ணையா, அது ஆறும்போது விழும் தழும்பையா? தழும்புக்காக, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டைச் சோதித்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. பாக்டீரியாப் புண் வந்த 500 பேர். 2012-இல் வந்த முடிவில், மூன்று மாதம் கழித்துப் பார்வையில் மொத்தமாக வித்தியாசம் இல்லை.

சோழமண்டலம்: பாதியை விட்டுவிட்டீர்களே கயல். தொடக்கத்திலேயே விரல் எண்ணும் அளவுக்குப் பார்வை போனவர்களுக்குப் பலன் தெரிந்தது.

வயல்காட்டான்: அவர்களாவது மனிதர்கள். நீங்கள் காட்டியது எலி. நேபாளத்தில் பக்தபூர் ஆய்வைப் பாருங்கள். கருவிழியில் சிராய்ப்பு பட்ட 18 மணி நேரத்துக்குள் குளோராம்ஃபெனிகால் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பு போட்ட யாருக்கும் புண் வரவில்லை. புண்ணே வராவிட்டால் பூ எங்கே விழும்? சித்தப்பா மூன்று நாள் வீட்டில் கிடந்தார், கண்ணில் தாய்ப்பால் விட்டுக்கொண்டு. தாய்ப்பாலே போதும் என்று போன வருஷம் இங்கே எழுதியவர் யார்?

சோழமண்டலம்: அது கண்சிவப்புக்குச் சொன்னது! இதோடு ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

வயல்காட்டான்: அன்றும் 'போதும்' என்றீர்கள், இன்றும் 'இனி பூ விழாது' என்கிறீர்கள்.

கயல்: நான் கேட்டதற்கு இருவரும் பதில் சொல்லவில்லை.

சோழமண்டலம்: களிம்பு போடத் தவறியவர் கதி? ஏற்கெனவே புண் வந்தவருக்கு உங்கள் 18 மணி நேரம் எதற்கு உதவும்? அவருக்குத்தான் இந்த ஜெல்.

வயல்காட்டான்: சரி, எந்தக் கடையில் கிடைக்கிறது? சொல்லுங்கள், நாளைக்கே சித்தப்பாவை அழைத்துப் போகிறேன்.

சோழமண்டலம்: ஆறிப்போன பழைய தழும்புக்கு என்று நான் சொல்லவே இல்லை.

வயல்காட்டான்: எலிக்குச் சொன்னீர்கள்.